அசலில் இல்லாத நட்சத்திரம்

…இல்லை, லென்ஸில்தான் தூசி படிந்திருக்கும் என்று சட்டை நுனியால் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பார்த்தேன், பிறகு மூன்றாவது தடவை, குழல்விளக்கை அணைத்து, நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில்… நிலா இருந்தது, படகு இருந்தது, துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற பையன் இருந்தான், அவன் பார்க்கிற இடத்தில் நட்சத்திரம் மட்டும் இல்லை. வெறும் கறுப்பு. இத்தனை நாளாக இந்தப் பையன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை, நட்சத்திரத்தைப் பார்க்கிறான், இதில் கேட்க என்ன இருக்கிறது, இரண்டரை வருஷமாக இதே படத்தை அச்சடித்து, வெட்டி, பழைய வீடியோ கேம் கேசட்டுகளின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த நட்சத்திரம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வேன். பழைய கேம்களைச் சேர்த்து வைக்கிற பல் டாக்டர் மத்தியானம் இந்தக் கேசட்டை மேஜைமேல் வைத்தபோது பஞ்சில் சுற்றி வைத்திருந்தார், பிடுங்கிய பல்லைக் கொண்டுவந்த மாதிரி. "முப்பது வருஷமா யாரும் பிரிக்காத பெட்டி மேடம். காலைலதான் பிரிச்சேன். பாத்தா, நட்சத்திரத்தக் காணோம்." யாரோ வீடு புகுந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாம எல்லாருமே தப்பான படத்த அடிச்சிட்டிருக்கோம்போல" என்றார். நாம என்று அவர் சொன்னது பெருந்தன்மை. அடித்துக்கொண்டிருப்பது நான்.

ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் என் ஃபைலிலிருந்து நட்சத்திரத்தை எடுத்துவிட்டுச் சுத்தமாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும், அதைக் கேசட் சேகரிக்கிறவர்களின் இணையக் குழுவில் போட்டுவிடுவார், இனிமேல் உலகத்தில் எங்கே இந்தக் கேசட்டுக்கு லேபிள் அடித்தாலும் அதையே அடிக்கட்டும், நட்சத்திரம் இருந்தால் போலி என்று எழுதியும் விடுவாராம். சரி டாக்டர் என்றேன். சொல்லாமல் என்ன செய்வது, அசல் மேஜைமேல் இருக்கிறது, அச்சுத் தொழிலில் பதினெட்டு வருஷம் ஓட்டியவள் அசலைப் பார்த்துவிட்டு மல்லுக்கட்ட முடியுமா. ஒரு நட்சத்திரத்தை அழிக்க எனக்கு அரை நிமிஷம் போதும். பக்கத்திலிருக்கிற கறுப்பை எடுத்து மேலே தடவினால் முடிந்தது. ஆனால் அழிக்கப் போனால் கை போகவில்லை, முதலில் தெரிந்தாக வேண்டும், இது எங்கிருந்து வந்தது? நானாகப் போடவில்லை, எனக்கு முன்னால் செய்தவரின் ஃபைலில் இருந்தது, அவருக்கு முன்னால் செய்தவரின் ஃபைலிலும் இருந்தது. யாரும் சரிபார்க்கவில்லையா என்றால், எப்படிச் சரிபார்ப்பது, அது லேபிளின் வலது மேல்மூலை, கேசட்டைக் கேம் பெட்டியிலிருந்து பிடுங்கும்போது கட்டைவிரல் விழுகிற இடம், எந்தக் கேசட்டை எடுத்தாலும் அங்கே காகிதம் தேய்ந்து வெள்ளையாகத்தான் இருக்கும். என்னிடம் வந்த அத்தனையும் அந்த மூலை போய்த்தான் வந்தன. பழைய லேபிளை ஹேர் டிரையரில் சூடுகாட்டி, மெல்லிய பிளேடை உள்ளே விட்டு உரித்து, பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதியதை ஒட்டி அனுப்பினால், வாங்கியவர்கள் முதலில் எழுதுவது அந்த மூலையைப் பற்றித்தான், ஐயோ, என் நட்சத்திரம் திரும்ப வந்துவிட்டது என்று. பார்த்தே இராத ஒன்றைத் திரும்ப வந்துவிட்டது என்கிறார்கள், நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதைவிட, அந்த நட்சத்திரத்தைப் பற்றி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குழுவில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் படகு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு லேபிளிலேயே குறிப்பு இருக்கிறது, வலது மேல்மூலை, அதைத்தான் பையன் பார்க்கிறான் என்று, படம் போட்டு, அம்புக்குறி போட்டு. அவர் சொன்னபடி வலது பக்கம் மேலே போய் ஜெயித்தவர்கள் என்று பதினேழு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். முகமே தெரியாத ஓர் ஆள் படகையும் பையனையும் நட்சத்திரத்தையும் முழங்கையில் பச்சை குத்தி அந்தக் கையைப் படமெடுத்துப் போட்டிருந்தார், தோல் இன்னும் சிவந்திருந்தது. யாரோ ஒருத்தர் நட்சத்திரத்தைச் சுற்றி லேசாக நீலம் பூசினார், அடுத்தவர் முனைகளைக் கூராக்கினார், நான் என் பங்குக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று வெளிச்சத்தைப் பத்து சதவீதம் கூட்டினேன்… இல்லாத ஒன்றுக்கு ஆளுக்கொரு கை அபிஷேகம் செய்திருக்கிறோம்.

"ஏண்டி, லைட்டக்கூடப் போடாம என்ன பண்ற," அம்மா எட்டிப் பார்த்தாள், "அந்தப் பல்லு டாக்டரு வந்துட்டுப் போனாலே உன் மூஞ்சி இப்படி ஆயிடுது." ஒன்றுமில்லை என்றேன். அம்மாவுக்கு என் லேபிள் வேலைமேல் பெரிய மரியாதை கிடையாது, வயசான கழுதைங்க விளையாட்டுச் சாமானுக்குப் பொட்டு வெச்சு அனுப்புறா என்று தொலைபேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். யாரிடமோ என்ன யாரிடமோ, அண்ணனிடம்தான். ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு அவன் அம்மாவைக் கூப்பிடுவான், மணி பிசகாது, லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, சொன்ன மாடியில் சொன்ன நேரத்தில் நிற்கிற ஜாதி. அந்த நேரத்துக்குச் சரியாக எனக்குப் பால்கனியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும். காயாத துணியைக்கூட எடுத்திருக்கிறேன். மூன்று வருஷமாக இப்படித்தான். அப்பா போன பிறகு அந்தப் பழைய மூன்றாம் மாடி வீட்டைக் காலிசெய்தபோது, பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டியை, அண்ணனுடைய கேம் கேசட் பெட்டியை, பழைய பேப்பர் எடுக்கிறவரிடம் தூக்கிக் கொடுத்தவள் நான். திறந்து பார்த்தேன், தெரியாமல் கொடுக்கவில்லை. ஒரு மாதமாகத் தன்னந்தனியாக அந்த வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தேன், அவன் லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்றே கடைசிவரை வரவில்லை, அந்தக் கோபத்தில் பெட்டி போனது. அடுத்த மாதம் வந்து கேட்டான், "கேசட் பெட்டி எங்க?" சொன்னேன். கத்துவான் என்று தயாராக நின்றேன். "உனக்குத்தான் அது என்னைக்குமே ஆகாதே" என்றான், அவ்வளவுதான், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குமேல் ஒரு சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் ஏன் இப்போது… ஆமாம், மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு கேசட் இருக்கிறது, அதனால்தான். நான் முதன்முதலில் லேபிள் ஒட்டிய கேசட். அந்தப் பெட்டியில் போனவற்றுள் ஒன்றையாவது தேடிப் பிடித்து அவனுக்கு அனுப்பலாம் என்று இந்தப் படகு விளையாட்டைத்தான் தேடினேன், அவன் அதிகம் ஆடியது அதுதான், கிடைத்தது, லேபிள் கிழிந்து கிடைத்தது, லேபிள் செய்யக் கற்றுக்கொண்டேன், அப்படித்தான் இந்தத் தொழிலே வந்தது. ஒட்டினேன். அனுப்பவில்லை. முதல் தடவை ஒரு மூலை கோணல், பிறகு கறுப்பு சரியில்லை, வெறும் கறுப்பை மட்டும் அடித்தால் சாம்பல் பூத்து நிற்கும், அடியில் கொஞ்சம் நீலம் கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது, அப்புறம் பளபளப்புத் தாள் சரியில்லை, அப்புறம்… மற்றவர்களுக்கெல்லாம் வாரம் மூன்று பார்சல் போகிறது, அந்த ஒன்றுக்கு மட்டும் எப்போதும் ஏதாவது குறை. குறை லேபிளில் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன.

சரி, மணி மூன்று. குழுவின் பழைய பதிவுகளில் ஒவ்வொன்றாகப் பின்னால் போனேன். எனக்குக் கொடுத்தவர் யாரிடம் எடுத்தார், அவர் யாரிடம் எடுத்தார், ஒவ்வொரு படியிலும் நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே போனது, நீலம் போனது, கூர்மை போனது, ஏழாவது ஆளிடம் வெறும் வெள்ளைப் புள்ளிமாதிரி ஆகி, அந்த ஏழாவது ஆள் எடுத்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டு வைத்த ஒரு ஜிப் பொட்டலத்திலிருந்து. உள்ளே ஒரு படம், ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. போட்டவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு எண் மட்டும், அதற்கப்புறம் ஆள் வரவேயில்லை. படம் இறங்க நேரமெடுத்தது, அவ்வளவு பெரிசாக ஸ்கேன் செய்திருந்தார்கள், திரையில் மேலிருந்து கீழாக நிலா வந்தது, வானம் வந்தது… இடதுபக்க ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடியிழைபோல ஒரு பச்சைக் கோடு வந்தது. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த அச்சகத்து ஸ்கேனரின் கோடு அது. கண்ணாடியில் ஒரு கீறல், முதலாளி மாற்றித் தரமாட்டேன் என்று ஏழு வருஷம் ஓட்டினார், அந்த ஏழு வருஷம் ஊரில் உள்ள அத்தனை பேர் புகைப்படத்திலும் இடது ஓரத்திலிருந்து அந்தப் பச்சைக் கோட்டை நான்தான் அழித்தேன், ஒரு கல்யாணப் பெண்ணின் தோள்மேல், ஒரு செத்துப்போனவரின் காதுமேல், ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அந்தக் கோட்டை வேறு எந்தக் கோடோடும் நான் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

அப்போது ஞாபகம் வந்தது பாருங்கள், ஞாபகமா அது, எங்கேயோ மூலையில் கிடந்த துணியை யாரோ இழுத்தமாதிரி… ஒரு மத்தியானம் அண்ணன் அச்சகத்துக்கு வந்தான், சீருடையோடு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "அஞ்சு நிமிஷம் ஸ்கேனர் வேணும்." என்னத்துக்கு என்று கேட்டேனா? கேட்கவில்லை. பசி உயிர் போகிறது, "முதலாளி வர்றதுக்குள்ள முடி, ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து என் கணினியில் ஒற்றை விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான், நான் வந்ததும் மூடிவிட்டான். பத்தடி தூரம். உலகம் முழுக்கச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்கிற அளவுக்குப் போன ஒரு படம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் கிளம்பியிருக்கிறது.

ஆக அது அண்ணனுடைய கேசட். அப்படியென்றால்… படத்தைப் பெரிதாக்கினேன், இன்னும், இன்னும், வலது மேல்மூலை திரை முழுக்க வரும்வரை. அச்சில் வந்த எந்தப் படமும் கிட்டே போனால் புள்ளிகள்தான், நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள், கறுப்பு, நட்சத்திரம் அச்சிலேயே இருந்திருந்தால் புள்ளிகள் அந்த இடத்தைச் சுற்றி ஒழுங்காக ஒதுங்கி நின்றிருக்கும். இங்கே புள்ளிகள் கிழிந்திருந்தன. பாதிப் புள்ளி இந்தப் பக்கம், பாதிப் புள்ளி அந்தப் பக்கம், நடுவே காகிதத்தின் நார் தெரிந்தது. நட்சத்திரமில்லை, கீறல். ஒன்றையொன்று வெட்டுகிற இரண்டு கீறல்கள், குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, கடுகளவு. கூரான எதையோ வைத்து… எதையோ என்ன எதையோ. காம்பஸ். மூடி நிற்காமல் ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருந்த ஜியாமெட்ரி பாக்ஸின் காம்பஸ்.

எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பதினொன்று. இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்றே மத்தியானம் முழுக்க அவன் ஆடினான், நான் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் முறை எப்போது, இந்த உயிர் போகட்டும், போயிற்று, இன்னொன்று இருக்கிறது… சாயந்திரம் அவன் தெருவுக்குப் போனதும் கேசட்டை உருவியெடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்புதான். காகிதம் கிழிகிற சத்தம் வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது, அம்மா உள்ளேயிருந்து கூப்பிடவும் காம்பஸை டப்பாவில் போட்டு, கேசட்டைத் திரும்பச் செருகிவிட்டு ஓடிவிட்டேன். அப்புறம் எத்தனை நாள் அடிக்காகக் காத்திருந்தேன். விழவில்லை. அவன் பார்க்கவில்லை என்று முதலில் நினைத்தேன், அடுத்த வாரமே கேசட்டுக்குப் பாடப்புத்தகம் மாதிரி பிளாஸ்டிக் உறை போட்டான், அப்போது பார்த்துவிட்டான் என்றும் இனிமேல் என் கை படக்கூடாது என்றுதான் உறை என்றும் நினைத்தேன், அதே வாரம் அவனாகவே விளையாட்டின் நடுவில் கைப்பிடியை என் பக்கம் நீட்டி, "உன் முறை" என்றான், அலுத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன். என் ஞாபகத்தில் அந்தக் கீறல் முழு நீளத்துக்கு, படகைப் பிளந்து, பையன் முகத்தைப் பிளந்து இருந்தது, முப்பது வருஷமாக அது வளர்ந்துகொண்டே இருந்தது, அதனால்தான் இரண்டரை வருஷம் தினமும் கண்ணெதிரே அதை அச்சடித்தும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுதானா அது? இத்தனூண்டா? நகத்தின் வெள்ளையளவு. ஒரு ஏழு வயதுக் கோபம் எங்கே போய், யார் யார் கையில் ஏறி, நீலம் பூசிக்கொண்டு, பதினேழு பேருக்கு வழிகாட்டி… எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை, கோயிலுக்குள் தெரியாமல் செருப்போடு நுழைந்துவிட்ட மாதிரி கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த எழுத்துக் கோப்பு. அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், லேபிள் அடிக்கிறவர்கள் படத்தை எடுத்துக்கொண்டு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடுவோம், எங்கள் பிழைப்பே அப்படி, நானும் அந்த ரகம்தான். திறந்தேன். மேலே அளவுகள், அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, மூலை வளைவு இவ்வளவு. கீழே ஒரு வரி, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரே குப்பை. திறந்து பார்த்தவர்கள் இருந்தாலும் கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று மூடியிருப்பார்கள். ஆனால் எனக்கு அது குப்பையில்லை. அந்தக் காலத்து அச்சகக் கணினிகளில் நாங்கள் தமிழ் அடித்த பழைய எழுத்துரு அப்படித்தான், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி, 'இ'க்குக் காற்புள்ளி. பதினெட்டு வருஷம் அதிலேயே குப்பை கொட்டியவள், எழுத்துருவை மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை, கண்ணே படித்துவிட்டது.

'வலது மேலே உள்ள நட்சத்திரம் அசலில் இல்லை. எங்கள் வீட்டில் போட்டது. இருக்கட்டும்.'

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. காற்புள்ளியில் தொடங்குகிற அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் தனியாக… இருக்கட்டும். யாரிடம் சொல்கிறான்? அழிக்கப் போகிற எவளோ ஒருத்தியிடம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் எழுத்துருவில், ஒற்றை விரலால். அந்தக் கேசட்டைத்தான் நான் பழைய பேப்பரோடு எடைபோட்டுக் கொடுத்தேன். அவன் அன்றைக்குக் கத்தியிருந்தால் எதைச் சொல்லிக் கத்தியிருப்பான்? சொல்லியிருக்கலாம் இல்லையா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை… நான் மட்டும் சொன்னேனா. எங்கள் வீட்டில் வாயைத் திறப்பது அம்மா ஒருத்திதான்.

நாலரைக்கு நட்சத்திரத்தை அழித்தேன். அழித்துத்தான் ஆக வேண்டும், அசல் அசல்தான், டாக்டரின் கேசட்டில் இல்லாததை நான் எப்படிப் போடுவேன். பக்கத்துக் கறுப்பை எடுத்துத் தடவினேன், போனது, பையன் வெறும் வானத்தைப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. நல்லவேளையாக டாக்டர் நேரத்துக்கு வந்துவிட்டார், புதிய லேபிளையும் அசலையும் ஜன்னலோரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நோயாளியின் வாயைப் பார்க்கிற மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார், "அச்சு அசல் மேடம்" என்றார். இன்னொரு ஃபைலும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே குழுவில் போடுங்கள் என்று சொன்னேன், அந்த முதல் ஸ்கேன், நீலம் பூசாதது, கீறல் கீறலாகவே இருப்பது. "தப்புன்னு தெரிஞ்சும் ஏன் மேடம் அது?" என்றார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "அது நான் போட்டது டாக்டர், சின்ன வயசுல, காம்பஸால" என்றேன். அவர் சிரிக்கத் தயாராகி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம் திரையில் அந்த வரியை நான் படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டு நின்றார். "அந்த வாத்தியாரு கேட்டா உயிர விட்டுடுவாரு" என்றார் கடைசியில். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நட்சத்திரம் இருந்தா போலின்னு எழுதறதா இருந்தேன், எழுதல மேடம். அந்த வரிய அப்படியே எழுதிடறேன்" என்றார்.

ஐந்து பத்து. இழுப்பறையிலிருந்து அண்ணனுடையதை, அவனுக்கென்று எடுத்ததை, வெளியே எடுத்தேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய லேபிள், நீல நட்சத்திரம் சினிமா விளம்பரம் மாதிரி மின்னியது, இதையா அவனுக்கு அனுப்பப் பார்த்தேன். டிரையரைப் போட்டு உரித்தேன். அந்த முதல் ஸ்கேனை எதுவும் பூசாமல், எதுவும் கூட்டாமல், பச்சைக் கோட்டை மட்டும்… வேண்டாம், பச்சைக் கோடும் இருக்கட்டும், அப்படியே அச்சடித்தேன், பளபளப்புத் தாளை ஒட்டி, ஸ்டீல் ஸ்கேலை வைத்து நான்கு பக்கமும் வெட்டினேன். வலது மேல்மூலையில் வளைவு எடுக்கும்போது கீறல்மேல் கத்தி பட்டுவிடக்கூடாதே என்று லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். நெடுக்குக் கீறல் என்னுடையது, சந்தேகமில்லை, ஆரம்பத்தில் ஆழமாக, ஆத்திரமாக இறங்கி, பாதியில் பயந்து, கோணி, இளைத்து முடிந்திருந்தது. குறுக்குக் கீறல்… குறுக்குக் கீறல் கோணவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஆழம், ஒரே நேர், இப்போது என் கையில் இருக்கிற ஸ்கேலை வைத்து வெட்டினேனே, அதே மாதிரி. கோபமாக இருக்கிறவர்கள் ஸ்கேல் வைத்துக் கீறுவார்களா? ஏழு வயதில் எனக்கு ஸ்கேலைப் பிடிக்கவே தெரியாது. நான் போட்டது ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு, சத்தம் கேட்டதும் ஓடிவிட்டேன். ஒரு கோடு எப்படி நட்சத்திரமாகும்?

உள் அறையில் தொலைபேசி அடித்தது. ஐந்தரை. பால்கனியில் துணி காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல, "சாப்டியா, வெயில்ல அலையாத, மாத்திரைய வேளைக்குப் போடு" என்று மூச்சு விடாமல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனவள், கையில் லென்ஸோடு வாசற்படியில் நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். பெட்டியைப் பற்றிச் சொல்வதா, பார்சல் அனுப்புகிறேன் என்பதா, முதலில் மன்னிப்பா… அந்தப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமையும் இவனுக்கு வேலைதானா.

"நான் ஒரு கோடுதானே அண்ணா போட்டேன்" என்றேன்.

லிஃப்டின் கதவு இன்னொரு தடவை திறந்து மூடியது. அப்புறம் அவன் சிரித்தானா, இருமினானா, சரியாகக் கேட்கவில்லை.